போர்முனை மருத்துவமனையில் ஓர் அரசியார்

மன்னரின் துணைவியாகி அரசிப் பட்டம் பெறும் பெண்மணிக்குச் சட்டப்படி அதிகாரம் ஏதுமில்லை. அவர் ஆணையிட்டுப் படை நகராது; அவர் கையொப்பமிட்டுச் சட்டம் பிறக்காது. மக்கள் மதிக்கும் ஒரு பெயரும், உழைப்பதற்கு இரு கைகளுமே அவருக்கு உடைமை. இவற்றைக் கொண்டு எவ்வளவு செய்ய முடியும், எவ்வளவு செய்ய முடியாமற் போகும் என்பதை அறிய விரும்புவோர் பெல்ஜியம் நாட்டு அரசி எலிசபெத் அம்மையாரின் வரலாற்றைப் படித்தல் நலம்.

அம்மையார் 1876-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலுள்ள போசன்ஹோபன் மாளிகையில் கத்தோலிக்கக் கோமக்கள் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை கார்ல் தியோடர் கோமகன் முறைப்படி மருத்துவம் கற்றுக் கண் மருத்துவரானவர். அரச குலத்தார் நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்வதைப் பலர் ஏளனமாக எண்ணிய காலம் அது. அவரோ அதைப் பொருட்படுத்தாமல் ஏழைகளுக்கு இலவசமாகக் கண் சிகிச்சை செய்தார். கண்புரையால் பார்வை இழந்த ஆயிரக்கணக்கானோருக்கு மீண்டும் ஒளி கொடுத்தார். அம்மருத்துவமனையில் மனைவியும் மகளும் அவருக்கு உதவியாக நின்றனர். கட்டுத்துணி மடிக்கவும், வலியால் துடிப்பவரின் அருகே கலங்காமல் நிற்கவும் எலிசபெத் கற்றுக்கொண்டது அங்கேதான்.

1900-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மியூனிக் நகரில் பெல்ஜிய இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தார். லெயோபோல்ட், சார்லஸ், மரீ ஜோசே என மூன்று மக்கள் பிறந்தனர். 1909 டிசம்பரில் ஆல்பர்ட் மன்னரானார், எலிசபெத் அரசியானார்.

ஐந்தாண்டுகள்கூட நிறையவில்லை. 1914 ஆகஸ்ட் 4-ஆம் நாள் ஜெர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் புகுந்தன. அரசியாரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வந்த பகைவர் அவர் பிறந்த நாட்டார். மறைந்துபோன அவருடைய தங்கையின் கணவர் ரூப்ரெக்ட் இளவரசரே ஜெர்மானிய ஆறாம் படையின் தலைவராக எதிர்ப்பக்கம் நின்றார். பிறந்த வீடா, புகுந்த நாடா என்ற கேள்விக்கு அரசியார் செயலால் விடையளித்தார். பிரஸ்ஸல்ஸ் அரண்மனை காயமுற்றோருக்கான மருத்துவமனையாயிற்று. பின்னர் தலைநகரம் வீழ்ந்தது, ஆன்ட்வெர்ப் வீழ்ந்தது. அக்டோபரில் பெல்ஜியப் படை இசர் ஆற்றங்கரைக்குப் பின்வாங்கி, மதகுகளைத் திறந்து கடல்நீரை வயல்களில் பாயவிட்டுப் பகைவரைத் தடுத்து நிறுத்தியது. நாட்டில் எஞ்சியது ஒரு சிறு மூலை மட்டுமே. பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, மன்னரும் அரசியாரும் அம்மூலையிலுள்ள லா பான் என்னும் கடற்கரை ஊரில் தங்கினர். பீரங்கிச் சத்தம் இரவும் பகலும் கேட்கும் இடம் அது.

அவ்வூரில் 'ஓஷன்' என்ற ஓட்டல் ஒன்று இருந்தது. டாக்டர் அந்துவான் தெபாஜ் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் 1914 டிசம்பரில் அதைப் போர்முனை மருத்துவமனையாக மாற்றினார். அரசியார் அங்கே வெறும் பார்வையாளராக வந்து போகவில்லை. வெள்ளை உடையணிந்து படுக்கை படுக்கையாகச் சென்றார். புண்களுக்குக் கட்டுப் போடும் வேளையில் உடனிருந்து உதவினார். தந்தையின் மருத்துவமனையில் பழகிய கைகள் இங்கே பயன்பட்டன. டாக்டரின் துணைவியார் மரீ தெபாஜ் அமெரிக்கா சென்று அங்கே நிதி திரட்டிவிட்டுத் திரும்புகையில், 1915 மே 7-ஆம் நாள் மூழ்கடிக்கப்பட்ட லூசிதானியா கப்பலில் உயிர் நீத்தார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். அரசியாரின் பெயர் சரித்திரத்தில் நிற்பதற்கு இத்தகைய பலரின் தியாகமும் காரணம்.

போர்முனையை ஒட்டிய கிராமங்களில் குண்டுகளுக்கிடையே வாழ்ந்த குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. அவர்களுக்காக விங்கெம் என்னும் ஊரில் பள்ளி அமைத்தார். 1918 நவம்பர் 22-ஆம் நாள் மன்னரோடு பிரஸ்ஸல்ஸ் திரும்பியபோது மக்கள் அவரைத் தம் வீட்டுப் பெண்ணாகவே வரவேற்றனர். அவர் ஜெர்மனியில் பிறந்தவர் என்பது ஒரு குறையாகப் பேசப்படவில்லை.

சமாதான காலத்திலும் பணி தொடர்ந்தது. 1926-இல் அவர் பெயரால் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. 1928-இல் மன்னரோடு காங்கோ சென்று வந்தார். 1930-இல் அரசியின் பெயரால் அந்நாட்டு மக்களின் மருத்துவத்துக்கென நிதி அமைப்பொன்று நிறுவப்பட்டது. மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று மக்களைப் பரிசோதித்து, தூக்க நோய் முதலியவற்றுக்கு மருந்து கொடுத்தனர். நல்ல பணிதான். ஆயினும் முந்தைய மன்னர் இரண்டாம் லெயோபோல்டின் ஆட்சியில் ரப்பருக்காக அம்மக்கள் பட்ட கொடுமைகள் கொஞ்சமல்ல. அந்தக் கடனை மருந்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

துன்பம் அரண்மனையையும் விடவில்லை. 1934 பிப்ரவரி 17-ஆம் நாள் ஆல்பர்ட் மன்னர் பாறையேறும்போது விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மருமகள் அஸ்திரித் அரசியும் சுவிட்சர்லாந்தில் கார் விபத்தில் மாண்டார். தாயற்ற மூன்று குழந்தைகளுக்குப் பாட்டியே தாய்போல் ஆனார்.

மிகக் கடுமையான சோதனை இதற்குப் பிறகுதான் வந்தது. 1940 மே மாதம் ஜெர்மனி மீண்டும் பெல்ஜியத்தைக் கைப்பற்றியது. 1942 ஆகஸ்ட் முதல் மெகெலென் நகரப் படைக் கொட்டடியிலிருந்து யூதர்கள் ரயிலேற்றி அனுப்பப்பட்டனர். யூத சமூகத்தினர் சிலர் அரசியாரை நாடி வந்தனர். அறுபத்தாறு வயது விதவை. ஆட்சியதிகாரம் பகைவர் கையில். ஆயினும் அவர் ஜெர்மானிய அதிகாரிகளிடம் வாதாடினார். பெல்ஜியக் குடியுரிமை பெற்ற யூதர்களை நாடுகடத்துவதில்லை என்று ஒரு வாக்குறுதி கிடைத்தது.

ஆனால் அந்நாட்டிலிருந்த யூதர்களில் பத்தில் ஒரு பங்கினர்கூடக் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள். வாக்குறுதி அவர்களைக் காக்கவில்லை. 1943 செப்டம்பரில் அந்த வாக்குறுதியும் மீறப்பட்டது. மெகெலெனிலிருந்து 25,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர்; திரும்பியவர் இருபதில் ஒருவர் அளவே. அரசியார் தனித்தனி மனிதர்களுக்காகத் தொடர்ந்து பரிந்து பேசிப் பலரைக் காப்பாற்றினார். காக்க முடியாதவர்களோ அவர்களினும் மிகப் பலர்.

1965-ஆம் ஆண்டு யூதர்களின் யாத் வாஷேம் நினைவு நிறுவனம் 'உலக நாடுகளின் நீதிமான்கள்' வரிசையில் அவரைச் சேர்த்துச் சிறப்பித்தது. அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், 89-ஆம் வயதில் அம்மையார் காலமானார். லாக்கன் நகரிலுள்ள நம் அன்னையின் ஆலயத்தில் கணவரின் அருகே துயில்கிறார்.

எல்லோரையும் காக்க முடியாதபோது சிலரைக் காப்பதில் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். காக்கப்பட்ட அந்தச் சிலரிடம் இக்கேள்வியைக் கேட்க முடியுமா? வழியில் அடிபட்டுக் கிடந்த ஒரே ஒரு மனிதனுக்குத்தான் நல்ல சமாரியன் உதவினான். எரிகோ செல்லும் பாதையில் இருந்த கள்வரையெல்லாம் அவன் ஒழித்துவிடவில்லை.

மற்றொன்றையும் இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டும். லா பான் மருத்துவமனையில் அரசியாரின் கைகள் நடுங்காதிருந்ததற்குக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை தம் மகளை நோயாளிகளின் அருகே நிறுத்திப் பழக்கியது. இரக்கம் உள்ளத்தில் பிறந்தாலும், அது கைக்குப் பழக வேண்டும். நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு எத்தனையோ கற்றுக் கொடுக்கிறோம். நோயுற்றவரின் கட்டிலருகே அமரவும் கற்றுக் கொடுப்போமாக.