காதுக் கட்டிகள்

காதுக் கட்டிகள் என்பவை புறச்செவி, நடுச்செவி, உட்செவி ஆகிய பகுதிகளிலோ, காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிலோ உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் உண்டாகும் வளர்ச்சிகள் ஆகும். இவை தீங்கற்ற கட்டிகள், புற்றுக்கட்டிகள் என இரு வகைப்படும். தீங்கற்றவை பொதுவாக மெதுவாக வளரும். உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. புற்றுக்கட்டிகள் அருகிலுள்ள எலும்பை அரித்து, நிணநீர்க் கணுக்கள் வழியாகப் பரவக்கூடியவை. காதுப் புற்றுநோய் அரிதானது. எனினும் முகநரம்பும் மூளையும் காதுக்கு மிக அருகில் இருப்பதால், தீங்கற்ற கட்டியும் பெரிதானால் ஆபத்தாகலாம்.

தீங்கற்ற கட்டிகள்

புறச்செவி: காதுத் துளையில் ஆஸ்டியோமா எனப்படும் எலும்புக் கட்டி தோன்றலாம். துளையை அடைத்தாலன்றி இதற்குச் சிகிச்சை தேவையில்லை. காது குத்திய இடத்தில் கீலாய்டு எனப்படும் தழும்புக் கட்டி வளர்வதுண்டு. இதனை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது. மீண்டும் வளரும் வாய்ப்பு அதிகம். ஆகவே ஸ்டீராய்டு ஊசி, அழுத்தம் தரும் காதணி போன்றவையும் சேர்த்து அளிக்கப்படுகின்றன.

நடுச்செவி: குளோமஸ் கட்டி இரத்தக் குழாய்கள் நிறைந்தது. இதயத் துடிப்புடன் ஒத்து ஒலிக்கும் இரைச்சல் இதன் அடையாளம். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாகத் தெரியும். அதிக இரத்தம் கசியும் என்பதால் இதிலிருந்து திசு மாதிரி எடுப்பது தவிர்க்கப்படுகிறது. கொலஸ்டியடோமா என்பது உண்மையான கட்டி அன்று. நடுச்செவியில் தேங்கி வளரும் தோல் படலமே ஆகும். ஆனால் எலும்பை அரிப்பதால் இதனையும் அறுவை சிகிச்சையால் அகற்ற வேண்டும்.

செவிநரம்பு: வெஸ்டிபுலர் சுவான்னோமா எனப்படும் கட்டி எட்டாவது மூளை நரம்பின் உறையில் தோன்றுகிறது. ஒரு காதில் மட்டும் கேள்திறன் குறைதல், இரைச்சல், தள்ளாட்டம் ஆகியன இதன் அறிகுறிகள். இரு காதுகளிலும் தோன்றினால் அது 22ஆம் குரோமோசோமில் உள்ள என்.எஃப்.2 மரபணுக் குறைபாட்டின் அடையாளமாகும்.

புற்றுக்கட்டிகள்

காது மடலில் செதிள் உயிரணுப் புற்றும் அடித்தள உயிரணுப் புற்றும் மிகுதியாகக் காணப்படுகின்றன. நெடுநாள் வெயில் படுதல் முக்கியக் காரணம். காதுத் துளையிலும் நடுச்செவியிலும் செதிள் உயிரணுப் புற்றே அதிகம். பல ஆண்டுகள் காதில் சீழ் வடிந்தவர்களுக்கு இது தோன்றும் வாய்ப்பு கூடுதல். குழந்தைகளுக்கு அரிதாக ராப்டோமயோசர்கோமா எனும் தசைப் புற்று வருவதுண்டு.

இரத்தம் கலந்த சீழ், விடாத காதுவலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், ஆறாத புண் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். மருந்துக்குக் கட்டுப்படாத சீழ் எனில் திசுச் சோதனை செய்வது அவசியம்.

கண்டறிதலும் சிகிச்சையும்

எலும்பு அரிப்பை சி.டி. ஸ்கேனும், நரம்புக் கட்டியை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காட்டும்.

சிறிய சுவான்னோமாவை எம்.ஆர்.ஐ. மூலம் அவ்வப்போது கண்காணித்தாலே பல நேரம் போதும். 3 செ.மீ.க்குக் குறைவாக இருந்து வளர்ந்துவருமானால் காமா கத்தி எனும் கதிர்வீச்சு முறை பயன்படும். பெரியவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவை. உட்செவி வழியாகச் செல்லும் முறையில் அக்காதின் கேள்திறன் முற்றிலும் போய்விடும். காதுக்குப் பின்புறமாகச் செல்லும் முறையில் அதனைக் காக்க வாய்ப்புண்டு.

காதுத் துளைப் புற்றுக்குப் பொட்டெலும்பின் ஒரு பகுதியையும் சேர்த்து அகற்றி, முற்றிய நிலையில் கதிர்வீச்சும் தருவர். தசைப் புற்றுக்கு வேதிச்சிகிச்சையும் கதிர்வீச்சும் முதன்மையானவை.

வரலாறு

1917ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் செவிநரம்புக் கட்டிகள் பற்றிய நூலை வெளியிட்டார். 1960களில் வில்லியம் ஹவுஸ் நுண்ணோக்கியைப் பயன்படுத்தி உட்செவி வழி அறுவையை வளர்த்தெடுத்தார். 1949ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1954ல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மையம் உருவானது.

கொங்கு நாட்டில்

கொங்கு நாட்டில் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்து, தாய்மாமன் மடியில் அமர்த்திக் குழந்தைக்குக் காது குத்துவது வழக்கம். குடும்பத்தில் கீலாய்டு உள்ளவர்கள் இதுபற்றி முன்னரே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் பழக்கத்தில் உள்ளது. இது நோயைக் குணப்படுத்தாது, கண்டறிவதைத் தாமதப்படுத்தும்.

ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறிகள் மிகுதி. தறி இரைச்சலால் ஏற்படும் செவிட்டுத்தன்மை பொதுவாக இரு காதுகளையும் பாதிக்கும். ஆகவே தறித் தொழிலாளி ஒருவருக்கு ஒரு காது மட்டும் மந்தமானால், அதனைத் தறியின் விளைவு என்று விட்டுவிடாமல் கேள்திறன் சோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும். பெருந்துறையில் உள்ள அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், 1966ல் தொடங்கப்பட்ட கோவை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இப்பகுதியின் அரசு மருத்துவமனைகள் ஆகும். 2012ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அடங்கும்.