பக்கத்து சீட்டில் ஒரு ஆசிரியர்

போன ஞாயிறு மத்தியானம், முகப்பேர்ல எங்க வீட்டு மொட்டை மாடி. மேலே ஒரு பருந்து. இறக்கையே அடிக்காம வட்டம் போட்டு உயர்ந்துக்கிட்டே போச்சு. வெயில்ல சூடான தரையிலிருந்து எழும் காற்றுதான் அதுக்கு லிஃப்ட். கிளைடருக்கும் அதே கதைதான். தரையில் இருக்கும் வின்ச் கேபிளை இழுக்க, பட்டம் மாதிரி ஏறும். மேலே போனதும் கேபிளைக் கழற்றிவிட்டுக் காற்றைத் தேடும்.

"எஞ்சின் இல்லாததுல யாருடா ஏறுவா?" என்றான் நண்பன்.

ஜெர்மனியில ஏறினாங்க. முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் அங்கே எஞ்சின் விமானங்களுக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. பறக்க ஆசைப்பட்டவர்கள் 1920ல் வாசர்குப்பே மலையில் கிளைடர் போட்டிக்குக் கூடினாங்க. வேற வழி இல்லாம வந்த கூட்டம் அது.

நம்ம ஊர்ல தடை ஒப்பந்தம் இல்லை, செலவு. அதனால சுதந்திரத்துக்குப் பிறகு அரசின் சிவில் விமானத் துறையே கிளைடர்களை வடிவமைத்தது. பேரெல்லாம் நட்சத்திரங்கள்! 1958ல் அஷ்வினி, 1961ல் ரோகிணி, 1963ல் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த கார்த்திக். "கார்த்திகைக்கு முன்னாடி ரோகிணி எப்படிடா வரும்?"னு எங்க பாட்டி உடனே கண்டுபிடிச்சாங்க.

எனக்குப் பிடிச்சது ரோகிணிதான். பயிற்சி கிளைடர்ல பெரும்பாலும் மாணவர் முன்னாடி, ஆசிரியர் பின்னாடி உட்காருவாங்க. ரோகிணியில் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல. புதுசா வர்றவருக்கு முதுகுக்குப் பின்னால வரும் குரலைவிட, பக்கத்துல தெரியும் முகம் பெரிய தைரியம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கோடு புரிஞ்சதும் டாக்குமென்ட் படிச்சு இல்ல; சீனியர் ஒருத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததாலதான்.

பிளஸ் டூ முடிச்சப்ப ஏரோநாட்டிக்கல் கேட்டேன். "நமக்கெதுக்குடா அதெல்லாம்?" என்றார் அப்பா. பதில் சொல்ல, எங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல பறக்கிறவர் ஒருத்தர்கூட இல்லை. ஒரு விளையாட்டுக்குப் புது ஆட்கள் வராததுக்குப் பயத்தைவிட இதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

புனே ஹடப்சர்ல இருக்கும் அரசு கிளைடிங் சென்டர் பொதுமக்களையும் ஏற்றிப் பறந்திருக்கு. சவாரி இருக்கான்னு போன்ல கேட்டுட்டு டிக்கெட் போடப் போறேன். ரெண்டு டிக்கெட். அப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார். "சும்மா பார்க்கத்தான்" என்கிறார்.

பார்ப்போம்.