கன்னி மரியாளின் கீழ்ப்படிதல்

ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் வேளாங்கண்ணித் திருவிழா நிறைவெய்துகிறது. அந்நாளையொட்டி மும்பை பாந்திராவில், குன்றின் மேலுள்ள மாதா கோவிலுக்கும் மக்கள் திரள்வதை அங்கு வாழும் நம்மவர் அறிவர். அது கன்னி மரியாளின் பிறந்த நாள். இயேசுவின் தாயாக மட்டுமின்றி, கீழ்ப்படிதலுக்கும் விசுவாசத்துக்கும் எடுத்துக்காட்டாகவும் கத்தோலிக்கர் அவளைப் போற்றுகின்றனர். இக்கருத்து வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இதற்கு மூலம் லூக்கா எழுதிய சுவிசேஷம். நாசரேத்தூரில் கபிரியேல் என்னும் தேவதூதர் தோன்றி, அவள் ஒரு மகனைப் பெறுவாள் என்று அறிவிக்கிறார். அவள் கலங்குகிறாள், சிந்திக்கிறாள், இது எவ்வாறு நிகழும் என்று வினவுகிறாள். விடை கிடைத்த பின்னரே, தன்னை ஆண்டவரின் அடிமை என்று கூறி இசைகிறாள்.

ஏறத்தாழ கி.பி. 180இல், இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஆயராயிருந்த இரனேயுஸ், இந்நிகழ்ச்சியை ஏவாளின் கதையோடு ஒப்பிட்டார். கட்டிய வழியே திரும்பிச் சென்றாலன்றி முடிச்சு அவிழாது. ஏவாளின் கீழ்ப்படியாமை இட்ட முடிச்சை மரியாளின் கீழ்ப்படிதல் அவிழ்த்தது என்பது அவர் கருத்து. அவருக்குச் சில பத்தாண்டுகள் முன்பே யுஸ்தீன் என்னும் அறிஞரும் இவ்விருவரையும் ஒப்பிட்டிருந்தார்.

பின்னர் வந்த புனித அகுஸ்தீன் (354–430) மற்றொரு படி சென்றார். மரியாள் மகனை வயிற்றில் தாங்குமுன் விசுவாசத்தால் உள்ளத்தில் தாங்கினாள் என்றார். கிறிஸ்துவின் தாயாயிருந்ததினும் அவருடைய சீடராயிருந்ததே அவளுக்குப் பெரும்பேறு என்றும் கூறினார். தாய்மை அவளுக்கே உரியது. விசுவாசமோ எவரும் பின்பற்றத்தக்கது. அவள் எடுத்துக்காட்டாவது இவ்வாறே. 12ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து, ஆதாமும் ஆபிரகாமும் உலகனைத்தும் அவளது விடைக்காகக் காத்து நிற்பதாகச் சித்திரித்தார். மறுக்கவும் உரிமையுள்ளவளிடமன்றோ விடைக்குக் காத்திருத்தல் பொருந்தும்!

ஆயினும், மரியாளைக் காட்டிப் பெண்களை வாய்மூடியிருக்கச் சொன்னவர்களும் உண்டு. அவளது பணிவை மட்டும் கண்டு, வினாவை மறந்ததன் விளைவு அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அவளைப் பற்றித் தனி ஏடு வரைவதா, திருச்சபையைப் பற்றிய ஏட்டிலேயே சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1963 அக்டோபர் 29 அன்று 1,114 பேர் சேர்க்க வேண்டும் என்றும், 1,074 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தனர். வேறுபாடு நாற்பதே. 1964 நவம்பர் 21இல் வெளியான அவ்வேட்டின் இறுதி அதிகாரம், இரனேயுஸின் முடிச்சை நினைவூட்டி, இறைவன் அவளை வெறுங் கருவியாகக் கொள்ளவில்லை என்றும், அவள் தன் விருப்பத்தோடு ஒத்துழைத்தாள் என்றும் உரைத்தது.

மொழிபெயர்ப்பிலேயே நாள்களைக் கழிக்கும் நமக்கு இங்கு ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. கீழ்ப்படிதலைக் குறிக்கும் லத்தீன் சொல், செவிமடுத்தல் என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்தது. நம் தமிழோ இன்னும் ஒரு படி முன்செல்கிறது. காதால் உணர்தலும் கேட்டலே, வினவுதலும் கேட்டலே, பெரியோர் சொற்படி நடத்தலும் சொல் கேட்டலே. நாசரேத்தூர்க் கன்னி இம்மூன்றையும் செய்தாள். அவற்றுள் நடுவிலுள்ளதை நீக்கிவிட்டால், எஞ்சுவது அச்சமேயன்றிக் கீழ்ப்படிதல் ஆகாது.