'இடையறா வதிவு': மலையகத் தமிழர் குடியுரிமை வரலாற்றில் ஒரு நிபந்தனை

முன்னுரை

சிறுவயதில் பெற்றோருடன் நாட்டைவிட்டுச் சென்ற ஒருவர், வளர்ந்தபின் அந்நாட்டில் நிலையாக வாழும் உரிமையைத் திரும்பக் கோரும்போது, இடையறாது அங்கே வதிந்ததற்குச் சான்று தருமாறு சட்டம் அவரிடம் கேட்கிறது. புறப்பாடு அவர் எடுத்த முடிவன்று. எனினும் அதன் விளைவுக்கு விடையளிக்க வேண்டியவர் அவரே. இலங்கை மலையகத் தமிழரின் குடியுரிமை வரலாறு இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. 1949 இல் விதிக்கப்பட்ட 'இடையறா வதிவு' என்னும் நிபந்தனை 2009 இல் தளர்த்தப்பட்ட வரலாற்றையும், அதன் வழிச் சிறார்க்கு நேர்ந்த விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1949 ஆம் ஆண்டுச் சட்டமும் குழந்தையின் வதிவும்

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தமிழர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். அடுத்த ஆண்டே நிலைமை மாறிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் குடியுரிமைக்குப் போதாது என்றும், தந்தைவழி மரபே அளவுகோல் என்றும் அது வகுத்தது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் வாழ்ந்தோர் பலரிடம் தந்தையின் பிறப்பைக் காட்டும் பதிவு இல்லை. எனவே அவர்கள் நாடற்றோராயினர்.

இந்நிலைக்குப் பரிகாரமாக முன்வைக்கப்பட்டதே 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டமாகும். 1946 சனவரி 1 ஆம் நாளுக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்திருக்க வேண்டும் என்று அது கூறியது. ஒரே முறையில் 12 மாதங்களுக்கு மேற்பட்டு வெளிநாட்டில் தங்கினால் அத்தொடர்ச்சி அறுந்துவிடும். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்டு 5 வரை காலம் தரப்பட்டது.

இச்சட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு கூறு உண்டு. விண்ணப்பிப்பவர் மட்டுமன்றி, அவருடைய மனைவியும் அவரைச் சார்ந்து வாழும் சிறுவரும் இடையறாது வதிந்திருக்க வேண்டும் என்பதே அது. குழந்தையைப் பொறுத்தவரை, பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் தொடங்கி அந்த வதிவு நிலைத்திருக்க வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற குடும்பங்கள் பிள்ளைகளைப் பாட்டன் பாட்டியரிடம் வளரவோ கல்வி கற்கவோ ஊருக்கு அனுப்புவது இயல்பான வழக்கம். அவ்வழக்கமே இச்சட்டத்தின் முன் குறையாகிற்று. குழந்தையின் பயணம் குழந்தையின் நிலையை மட்டுமன்றித் தந்தையின் விண்ணப்பத்தையும் பாதிக்கக்கூடியதாயிற்று. இச்சட்டங்களை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், அவை செல்லும் என்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1953 இல் தீர்ப்பளித்தது. இறுதியில் இச்சட்டத்தின்வழிக் குடியுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேரே.

ஒப்பந்தங்களும் இருவகைப் புறப்பாடும்

1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றிப் பேசியது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் இவ்விரண்டிலும் பெறப்படவில்லை.

இதன் விளைவான புறப்பாட்டில் இருவகையினரை வேறுபடுத்திக் காணல் வேண்டும். முதல் வகையினர் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றுத் தலைமன்னார் வழி இராமேசுவரம் வந்து இறங்கிய தாயகம் திரும்பியோர். அவர்களை ஏற்றிச் சென்ற தொடர்வண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். இவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். பெற்றோரின் கடவுச்சீட்டில் பெயர் சேர்க்கப்பட்ட சிறுவர், தாம் பிறந்த நாட்டின்மீதான உரிமையைத் துறந்தனர் என்பதை அறியாமலேயே துறந்தனர். எனினும் அவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது.

இரண்டாம் வகையினரின் நிலை வேறு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத் தமிழர் பலர் தோட்டங்களைவிட்டு வவுனியா முதலிய வடபகுதிகளுக்குச் சென்றனர். அங்கும் போர் சூழவே படகேறித் தமிழகம் வந்தனர். 1984 இல் கப்பல் போக்குவரத்தும் நின்றது. இவர்கள் ஒப்பந்தப்படி வந்தவரல்லர். அகதிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். இந்தியக் குடியுரிமையும் இல்லை, இலங்கைக் குடியுரிமையும் இல்லை என்ற நிலையில் மண்டபம், கொட்டப்பட்டு முதலிய முகாம்களில் இவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தனர்.

2003, 2009: நிபந்தனையின் தளர்வு

1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோர் பலர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கிற்று. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரும், இலங்கையில் வதியும் அவர்தம் வழித்தோன்றல்களும் குடியுரிமை பெறலாம் என்று அது கூறியது. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையத்தின் துணையுடன் நடந்த இயக்கத்தில் பத்து நாட்களில் சுமார் 190,000 பேர் குடியுரிமை பெற்றனர்.

ஆனால் இச்சட்டத்திலும் பழைய நிபந்தனை உயிரோடிருந்தது. தோட்டத்திலேயே தங்கிவிட்ட அண்ணனுக்கு உரிமை கிடைத்தது. தாயின் இடுப்பில் படகேறிய தம்பிக்குக் கிடைக்கவில்லை. இருவரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தோர் என்பது சட்டத்தின் பார்வையில் பொருளற்றதாயிற்று. 2009 இல் நிறைவேறிய திருத்தச் சட்டங்களே இவ்வேறுபாட்டை நீக்கின. நாட்டுச் சூழ்நிலையால் இந்தியாவுக்குச் செல்ல நேர்ந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் வதிவுத் தொடர்ச்சி அறுந்தமையால் மட்டும் உரிமை இழக்கமாட்டார் என்பது இத்திருத்தங்களின் சாரம். தமிழக முகாம்களில் வாழ்ந்த சுமார் 28,500 பேரைக் கருத்திற் கொண்டு இவை இயற்றப்பட்டன. கட்டாயத்தால் நேர்ந்த இன்மை துறவாகாது என்ற கோட்பாடு, 60 ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தில் இடம்பெற்றது.

எனினும் உரிமை ஏட்டில் பிறப்பதும் கைக்கு எட்டுவதும் வேறுவேறு. பெற்றோரின் தோட்டப் பதிவு, பிறப்புச் சான்று ஆகியவை போரிலும் பயணத்திலும் தொலைந்திருந்தன. முகாமில் பிறந்த குழந்தைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டியிருந்தது. இப்பணியில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பெரும்பங்காற்றியது. மேலும், மூன்று தலைமுறைகளாகத் தமிழகத்தில் வேரூன்றிய பலர்க்கு வேண்டியது இலங்கை திரும்பும் உரிமையன்று. இருக்கும் இடத்திலேயே நிலைபெறும் உரிமையாகும். இத்தகைய 65 பேரின் மனுக்களில், அவர்களின் விண்ணப்பங்கள்மீது 16 வாரங்களுக்குள் முடிவெடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019 சூன் மாதத்தில் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. இந்தியச் சட்டப்படி 1987 சூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகனாவார். அந்நாளுக்குப்பின் அதே முகாமில் பிறந்த தம்பியோ தங்கையோ அவ்வாறு ஆவதில்லை. இங்கும் ஒரு தேதியே உடன்பிறந்தோரைப் பிரிக்கிறது.

பிற நாடுகளும் பிற எல்லைகளும்

இச்சிக்கல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பெற்றோர் நிரந்தர வதிவைக் கைவிட்டால், அவர்தம் பொறுப்பிலுள்ள சிறுவரும் கைவிட்டதாகக் கொள்ளும் கோட்பாட்டை அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1980 களில் வலியுறுத்தியது. பிரித்தானியாவில் 1973 க்கு முன் கரீபியத் தீவுகளிலிருந்து சிறுவராக வந்து குடியேறியோர், பிற்காலத்தில் சான்றின்றி உரிமை மறுக்கப்பட்ட செய்தி 2018 இல் பெரும் பூசலாயிற்று. இரண்டாண்டுகளுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருந்தமையால் திரும்ப இயலாதோரும் அவர்களுள் இருந்தனர். அவ்வாண்டில் அரசு தனித்திட்டம் வகுத்து அவர்களுக்கு வழிசெய்தது.

நாட்டெல்லை கடவாத இடப்பெயர்விலும் இதே தருக்கம் செயற்படுகிறது. மும்பையில் தேவ்நாரை ஒட்டிய டிராம்பே பகுதியின் ஜனதா காலனியில் தமிழர் பலர் வாழ்ந்தனர். அது 1976 மே மாதத்தில் இடிக்கப்பட்டு, மக்கள் சீத்தா கேம்ப்பில் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு சனவரியில் நடந்த குடிசைக் கணக்கெடுப்பில் இடம்பெற்றோர்க்கே நிழற்பட அடையாள அட்டை கிடைத்தது. பின்னர் அவ்வரம்பு நாள் 1995 சனவரி 1 என்றும், 2000 சனவரி 1 என்றும் மாற்றப்பட்டது. குறித்த நாளில் அங்கிருந்தமைக்குத் தாளே சான்று, ஆளன்று.

முடிவுரை

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 1966 ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை, எவரும் 'தம் சொந்த நாட்டிற்குள்' நுழையும் உரிமையைத் தன்விருப்பமாக மறுத்தலாகாது என்கிறது. 'சொந்த நாடு' என்பது குடியுரிமை பெற்ற நாட்டை மட்டும் குறிப்பதன்று என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1999 இல் விளக்கிற்று. இலங்கையின் 2009 ஆம் ஆண்டுத் திருத்தம் இக்கருத்துக்கு இசைவானது. 1949 இல் குழந்தையின் இன்மை குடும்பத்தின் குற்றமாக எண்ணப்பட்டது. 2009 இல் அது குடும்பத்தின் துயரமாக உணரப்பட்டது. இம்மாற்றம் நிகழ்வதற்குள் அக்குழந்தைகளே பாட்டன் பாட்டியராயினர். வதிவு என்பதை நாட்களின் எண்ணிக்கையாக மட்டும் கொள்ளாமல், சென்றவர் யார் முடிவால் சென்றார் என்பதையும் சட்டம் வினவ வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.