தென்கிழக்குக் கரையின் ஊற்றுப்பேனைகள்: அடையாளமும் சீரமைப்பும்

பழைய ஊற்றுப்பேனை ஒன்று எக்காலத்தது, எங்கே செய்யப்பட்டது என அறிய முற்படுவோர் முதலில் தேடுவது அதில் பொறிக்கப்பட்ட பெயரையே. ஆயினும் மூடியும் நிப்பும் காலப்போக்கில் மாற்றப்படக் கூடியவையாதலால், பெயரைவிட உறுதியான சான்றுகளாக அமைபவை பேனையின் மூலப்பொருள், மை நிரப்பும் முறை, அது நாட்டுக்குள் வந்த வணிக வழி ஆகிய மூன்றுமாகும். காரைதீவுக்குத் தெற்கே வயலையும் கடலையும் நம்பி வாழும் நிந்தவூர் போன்ற கரையோர ஊர்களில், இம்மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போது பேனையின் வயது மட்டுமன்றி இலங்கையின் இருபதாம் நூற்றாண்டுப் பொருளாதார வரலாற்றின் ஒரு பகுதியும் வெளிப்படுகிறது.

மூலப்பொருளை முதலில் எடுத்துக்கொண்டால், 1884ஆம் ஆண்டில் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மன், மை இறங்கும்போதே காற்று உள்ளேறும் வகையில் அமைந்த ஊட்டுக்கட்டைக்கு உரிமம் பெற்ற பின்னர் பரவிய பேனைகள், பெரும்பாலும் எபனைற்று எனப்படும் கடின இறப்பரால், அதாவது மிகுதியான கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கப்பட்ட இறப்பரால், ஆனவை. 1876இல் கம்பகாவை அண்டிய ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட நாற்றுகளிலிருந்து வளர்ந்த இலங்கையின் இறப்பர்ச் செய்கை, இத்தகைய பொருள்களுக்கான உலகத் தேவை பெருகிய காலத்திலேயே விரிந்தது. எபனைற்று வெயிலும் ஈரமும் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். துணியால் தேய்த்தால் கந்தக மணம் வீசும். 1924இல் ஷீஃபர் நிறுவனம் செலுலோயிட்டைப் பயன்படுத்தத் தொடங்கிய பின் வண்ணவண்ணப் பேனைகள் பெருகின. இவற்றைத் தேய்த்தால் எழுவது கற்பூர மணம்.

மை நிரப்பும் முறை காலத்தை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. உடலையே மைக்கூடாக்கித் துளிக்குழாயால் நிரப்புவது மிகப் பழைய முறை. அடுத்து வந்த நெம்பு முறையில், உடலின் பக்கத்தில் பதிந்த சிறு நெம்பை உயர்த்தினால் உள்ளே ஒரு தகடு இறப்பர்ப் பையை அமுக்கும், விட்டதும் பை விரிந்து மையை உறிஞ்சும். 1905இல் இலண்டனில் தொடங்கிய கொன்வே ஸ்டுவர்ட் நிறுவனத்தின் பேனைகள் பலவும் இவ்வகையினவே; அவற்றின் உடலில் பெரும்பாலும் மாதிரி எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். 1941இல் வெளிவந்த பார்க்கர் 51 பேனையோ நிப்பின் பெரும்பகுதியைக் கூட்டினுள் மறைத்தது. அமெரிக்காவில் செய்யப்பட்ட அவ்வகைப் பேனைகளில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே பொறிக்கப்பட்டதால், "1" என்னும் குறி 1941ஐயும் சுட்டலாம், 1951ஐயும் சுட்டலாம். உந்துதண்டால் வெற்றிடம் உண்டாக்கும் பொறி இருப்பின் முன்னதெனவும், 1948இல் அறிமுகமான அமுக்குக்குழாய் இருப்பின் பின்னதெனவும் கொள்ள வேண்டும்.

வணிக வழியின் சான்று இலங்கைக்கே உரியது. காலனிய ஆட்சியில் பிரித்தானியப் பொருள்களுக்குக் கொழும்புத் துறைமுகம் திறந்திருந்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, எழுதுகருவி தேவைப்படும் மாணவர் தொகையைப் பெருக்கியது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாகச் சீனா 270,000 தொன் அரிசி தருவதென 1952இல் செய்யப்பட்ட ஒப்பந்தம் சீனாவுடனான வணிகத்துக்கு வழி திறந்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகி, 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை நீடித்தன. ஆகவே, 1931இல் ஷாங்காயில் தோன்றி 1966இல் ஹீரோ எனப் பெயர் மாறிய தொழிற்சாலையின், பார்க்கர் 51ஐ ஒத்த மறைநிப்புப் பேனை ஒன்று இக்கரையில் கிடைக்குமாயின், அதைப் போலி என ஒதுக்குவது வரலாற்றைத் தவறவிடுவதாகும். அது வேறொரு வணிக ஒழுங்கின் சான்று.

சீரமைப்பு இச்சான்றுகளை அழித்துவிடாமல் நடைபெற வேண்டும். பழைய நெம்புப் பேனையில் பெரும்பாலும் முதலில் கெடுவது இறப்பர்ப் பையே; அது காலத்தால் கருகிக் கல்லாகும். பையை நிப்புக் கழுத்தோடு பிணைப்பதற்கு அரக்கு பயன்படுவது, மெல்லிய சூட்டில் அது இளகுவதால் அடுத்த பழுதின்போது பிரிக்க இயலும் என்பதற்காகவே. கடும் பசை அவ்வாய்ப்பை மூடிவிடும். எபனைற்றை நீரில் ஊறவைத்தால் நிறம் கெடும், செலுலோயிட்டைத் தீயருகே கொண்டுசென்றால் பற்றிக்கொள்ளும். எனவே பொருளை அடையாளம் காண்பது சீரமைப்பின் முதற்படியாகிறது. உப்புக்காற்று வீசும் கரையில் உருக்கு நிப்பும் நெம்பும் அமுக்குத் தகடும் துருவேறுவது விரைவு; 58.5 விழுக்காடு பொன் கொண்ட 14 கரட் நிப்பு அவ்வாறு அரிக்கப்படுவதில்லை என்பதால், நிப்பு பளிச்சென்றிருப்பதைக் கொண்டு பேனை புதியது என முடிவுகட்டலாகாது.

நிப்பின் நுனியில் ஒட்டப்பட்ட கடின உலோக மணியின் தேய்வு தனிக் கவனத்துக்குரியது. பாடசாலையில் தமிழையும் ஓதற்பள்ளியில் அரபையும் பயின்ற சமூகத்தில் எழுத்து இரு திசைகளிலும் ஓடியது; வலக்கையாளர் இடமிருந்து வலமாக எழுதுகையில் பேனையை இழுத்துச் செல்வதும், வலமிருந்து இடமாக எழுதுகையில் தள்ளிச் செல்வதுமாக அமைவதால், எழுதும் திசையும் பிடிக்கும் சாய்வும் தாளின் கரடும் சேர்ந்தே மணியின் தேய்வை உருவாக்குகின்றன. அதனை அரத்தாள் கொண்டு வட்டமாக்கினால் பேனை வழுவழுப்பாக எழுதக்கூடும். ஆனால் அதை வைத்திருந்தவரின் கைப்பழக்கத்துக்கு எஞ்சிய சான்று இல்லாமற் போகும். பெயரறியாப் பேனைகளைப் பொறுத்தவரை, எழுத வைப்பதற்கு வேண்டிய அளவு மட்டும் தொட்டு, மாற்றிய உறுப்புகளைக் குறித்துவைத்து, கழற்றிய பழைய உறுப்புகளைப் பேனையோடு சேர்த்துப் பேணுவதே பின்வரும் ஆய்வாளருக்குப் பயன்தரும் முறையாகும்.