ஈடு காத்த இல்லங்கள்

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் நிலவிய கல்வி நிலையைக் குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட அவ்விவரத்தின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். இவ்வெண்களினும் கருதத்தக்க செய்தி வேறொன்று உண்டு. சென்னைப் பட்டணத்தில் இல்லத்திலேயே பயின்றோர் 26,000க்கு மேற்பட்டிருந்தனர். இது பள்ளிகளில் பயின்றோரைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. மலபாரில் ஸாமூதிரி அரச குடும்பம் நடத்திய கலாசாலையில் 75 பேரே பயில, தனி ஆசிரியரை அடுத்து சாஸ்திரங்களைப் பயின்றோர் 1,594 பேர். பள்ளிக்கு மாற்றாகப் பிற்காலத்தார் கண்டறிந்த புதுமையன்று இல்லக் கல்வி. ஒரு காலத்தில் அதுவே பெருவழியாக இருந்தது.

எனினும், அவ்வில்லங்களுக்குள் கல்வி எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆட்சியர் கணக்குகள் கூறா. ஸ்ரீவைஷ்ணவ குருபரம்பரை வரலாறு அதைக் கூறும்.

இல்லக் கல்வியின் முதற்படி ஸந்தை. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணாக்கன் இருமுறை சொல்லுவான். உச்சரிப்பும் ஸ்வரமும் பதச்சேர்க்கையும் செவி வழியே நிலைபெற்ற பின்னரே பொருளுக்கு இடம். அடுத்த படி காலக்ஷேபம். மூலத்தை ஒருவர் வாசிக்க, ஆசாரியர் சொல் சொல்லாகப் பொருள் அருளிச்செய்வார். இல்லத்தில் வளரும் சிறுவனுக்கு இவ்விரண்டோடு மூன்றாவது ஒரு பேறும் உண்டு. பொருள் விளங்காத வயதிலேயே தகப்பனாரின் காலக்ஷேபம் அவன் செவியில் விழுந்துகொண்டிருக்கும். திருவாராதனமும் அநுஷ்டானமும் அன்றாடம் கண்ணெதிரே நிகழ்வதால், கற்பது வேறு, ஒழுகுவது வேறு என்னும் எண்ணமே அவனுக்குத் தோன்றாது.

இல்லத்துக்கு வெளியே பெருஞ்சாலைகள் இல்லாமற் போகவில்லை. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, திருமால் கோயிலைச் சார்ந்த கலாசாலையொன்றில் 340 மாணாக்கர் பயின்றமையைத் தெரிவிக்கிறது. அவருள் 270 பேர் வேதமும் தொடக்க இலக்கணமும் முதலியன ஓதினர். எஞ்சிய 70 பேர் வியாகரணம், பிராபாகர மீமாம்ஸை, வேதாந்தம் ஆகியவற்றில் உயர்கல்வி பெற்றனர். ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. இன்று அக்கல்வெட்டு உண்டு, கலாசாலை இல்லை. நிவந்தத்தால் நடந்தது நிவந்தத்தோடு முடிந்தது.

இல்லத்தின் வலிமை புலப்பட்ட காலம் 14ஆம் நூற்றாண்டு. 1323இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளாயிற்று. நம்பெருமாள் வெளியே எழுந்தருள, கோஷ்டிகள் சிதறின. அவ்வமயம் சுதர்சன பட்டர், ஸ்ரீபாஷ்யத்துக்குத் தாம் அருளிய ச்ருதப்பிரகாசிகையின் ஸ்ரீகோசத்தையும் தம் இரு குமாரர்களையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார் என்பது வரலாறு. நூலையும் பிள்ளைகளையும் ஒருசேர ஒப்படைத்தமை கருதற்பாலது. நூல் ஓலையில் இருந்தால் மட்டும் போதாது, அதை ஓதுவாரும் வளர வேண்டும் என்பதே அச்செயலின் கருத்து. ஏற்றுக்கொண்ட தேசிகரும் இல்லக் கல்வியில் வளர்ந்தவரே. அவருக்குக் கற்பித்தவர் அம்மானாகிய கிடாம்பி அப்புள்ளார். தேசிகரிடம் கற்றவருள் அவர்தம் குமாரர் நயினாராசாரியரும் ஒருவர்.

இதே நூற்றாண்டில் திருவாய்மொழியின் ஈடு முப்பத்தாறாயிரப்படி காக்கப்பட்ட முறை இன்னும் நுட்பமானது. நம்பிள்ளை பகலில் அருளிச்செய்தவற்றை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் பட்டோலைப்படுத்தினார். தம் நியமனமின்றி எழுதப்பட்ட அதை நம்பிள்ளை வாங்கி, ஈயுண்ணி மாதவரிடம் கொடுத்தருளினார். ஓராண்வழியாக வந்த உபதேசத்தை எம்பெருமானார் யாவர்க்கும் திறந்துவிட்டார் என்பது உபதேசரத்தினமாலை காட்டும் செய்தி. அவருக்குப் பின் தோன்றிய இவ்வுரையோ மீண்டும் ஒருவர்பின் ஒருவராகவே வந்தது.

அவ்வரிசையை நிரலே நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். மாதவர் தம் குமாரர் பத்மநாபருக்கு உரைத்தார். பத்மநாபர் தம் மாணாக்கர் நாலூர்ப் பிள்ளைக்கு உரைத்தார். நாலூர்ப் பிள்ளை தம் குமாரர் நாலூராச்சான் பிள்ளைக்கு உரைத்தார். ஆச்சான் பிள்ளையோ, தம்மை நாடி வந்த திருவாய்மொழிப் பிள்ளைக்கு உரைத்தார். அவரிடம் மணவாள மாமுனிகள் கேட்டார். அதாவது, இருமுறை குமாரருக்கு. அவ்விருமுறையும் அடுத்த படியில் இல்லத்துக்குப் புறத்தேயிருந்து வந்த மாணாக்கருக்கு. இல்லம் நூலைக் காத்தது. திறந்த வாயில் நூலை வளர்த்தது.

இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லங்கள் இல்லையேல், திருவரங்கத்துக் கோஷ்டி கலைந்த நாளிலேயே ஈட்டின் கேள்வி அற்றுப்போயிருக்கும். வாயில் திறவாதிருந்தால், ஏதேனும் ஒரு தலைமுறையில் பிள்ளைக்கு நாட்டமில்லாமையோ பிள்ளையே இல்லாமையோ அதை முடித்திருக்கும். வம்சத்தைப் பெருமையாகக் கொண்டு வாயிலை அடைத்த இல்லங்களில் சுவடிகள் செல்லுக்கு இரையானமை யாவரும் அறிந்ததே. ஆசாரிய ஸம்பந்தத்தையே உரிமையாகக் கொள்ளும் ஸம்பிரதாயத்தில் பிறப்புரிமை வாதத்துக்கு இடமில்லை என்பதை ஈட்டின் வரலாறே மெய்ப்பிக்கிறது.

மாமுனிகளின் வாழ்விலும் இவ்விரு நிலைகளும் உள. 1370இல் அவதரித்த அவர், சிக்கில் கிடாரத்தில் தாய்வழிப் பாட்டனார் திருமாளிகையில் வளர்ந்து, தகப்பனாரிடம் வேதமும் அருளிச்செயலும் ஓதினார். பின்னர் ஆழ்வார்திருநகரி அடைந்து திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்தார். இவ்வாறு பெற்ற ஈட்டை அவர் தம் இல்லத்தில் வைத்துக்கொள்ளவில்லை. பரிதாபி ஆண்டு ஆவணி தொடங்கி, பிரமாதீச ஆண்டு ஆனி மூலம் வரை (1432–33), திருவரங்கத்தில் நம்பெருமாள் ஸந்நிதியில் யாவரும் கேட்கக் காலக்ஷேபமாக நிகழ்த்தினார். சிதறிய கோஷ்டி ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே தலத்தில் மீண்டும் கூடிற்று.

இன்று ஸந்தை சொல்லும் திருமாளிகைகள் அருகிவிட்டன. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதைக் குறைகூறிப் பயனில்லை. எண்ணாயிரத்தில் பயின்றோரும் சாலைக்குச் சென்றவரே. மாலையில் ஒரு நாழிகையேனும் இல்லத்தில் ஸந்தை ஒலிப்பதும், கேட்க வரும் அயலார் பிள்ளைக்கும் திண்ணையில் இடம் தருவதும் இயலாதன அல்ல. ஆனி மூலத்தன்று சாற்றுமுறையில் அரங்கன் தானே சிறுபிள்ளை வடிவில் வந்து தனியன் ஸமர்ப்பித்து மாமுனிகளுக்கு மாணாக்கனானான் என்பர் பெரியோர். ஈயுண்ணி இல்லத்தில் தகப்பனாரும் குமாரருமாகத் தொடங்கிய கல்வி, அகிலத்துக்கும் தந்தையாகிய எம்பெருமானே பிள்ளையாய் வந்து கேட்கும் அளவுக்கு வாயில் திறந்த வரலாறு இதுவாகும்.