சிறு செய்மதிகளின் இரசாயன உந்துகை: ஒரு வரலாற்று நோக்கு

தொழினுட்ப வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாகக் காணும் வழக்கம் நம்மிடையே இன்னும் நிலவுகிறது. சிறு செய்மதிகளுக்கான உந்துபொறியின் வளர்ச்சியையோ, எரிபொருளின் இயல்பைப் போலவே அதனை யார் உடைமையாகக் கொண்டனர், யார் கையால் நிரப்பினர் என்பனவும் தீர்மானித்துள்ளன.

1960களில் அமெரிக்காவில் ஷெல் 405 எனும் இரிடிய ஊக்கி உருவாக்கப்பட்டதையடுத்து, ஐதரசீன் செய்மதிகளின் வழமையான எரிபொருளாயிற்று. ஊக்கியைத் தொட்டதும் அது சிதைந்து வெப்பவாயுவாக வெளியேறிச் செய்மதியை உந்தும். எரிப்பதற்கு வேறொரு பொருள் வேண்டியதில்லை. ஆயின் அது கொடிய நஞ்சு. நிரப்பும் தொழிலாளி முழு உடலையும் மூடிய காப்புடையுடனேயே அதனை அணுகவேண்டும். இதற்கான செலவை அரசுகளும் பெருநிறுவனங்களுமே தாங்கவல்லனவாயிருந்தன.

1999இல் ஜோர்டி புய்க்-சுவாரி, பொப் ட்விக்ஸ் எனும் இரு கலிபோர்னியப் பேராசிரியர்கள், மாணவர் பயிற்சிக்கென 10 சென்ரிமீற்றர்ப் பக்கமுள்ள கனவடிவச் செய்மதியை வரையறுத்தனர். அது பிறருடைய பெருஞ்செய்மதியோடு ஒட்டிச்செல்லும் பயணி. பெருஞ்செய்மதிக்கு ஊறு நேராதிருக்கும்பொருட்டு, ஆரம்பகால விதிகள் அதனுள் அடங்கும் அமுக்கத்தை 1.2 வளிமண்டலத்துக்கும், இரசாயனச் சக்தியை 100 உவாற்று-மணிக்கும் மட்டுப்படுத்தின. மாணவரின் செய்மதிகள் பலவும் உந்துபொறியின்றிப் பறந்தமைக்கு அறிவுக் குறைபாடு மாத்திரம் காரணமன்று. பாதையை உயர்த்தவும் மோதலினின்று விலகவும் அவற்றுக்கு வழி இருக்கவில்லை.

ஐதரசீனுக்கு மாற்றாகத்தக்க பொருளோ அதற்கு நெடுங்காலம் முன்னரே தோன்றியிருந்தது. அமோனியம் டைநைத்திரமைட்டு எனும் உப்பு 1971இல் மொஸ்கோவின் செலின்ஸ்கி நிறுவகத்தில் ஆக்கப்பட்டு, இராணுவ இரகசியமாகவே வைக்கப்பட்டது. 1980களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் அதனைத் தாமாக மீண்டும் கண்டனர். ஒரே உழைப்பு இருமுறை! (அறிவைப் பூட்டிவைப்பதில் சோசலிச அரசும் பின்னிற்கவில்லை என்பதை நம்மவர் சிலர் ஒப்புக்கொள்ளத் தயங்குவர்.) அவ்வுப்பைக்கொண்டு சுவீடனில் ஆக்கப்பட்ட எல்எம்பி-103எஸ் எனும் திரவம் 2010இல் பிரிஸ்மா செய்மதியில் பரீட்சிக்கப்பட்டது. அதே செய்மதியில் ஐதரசீன் பொறியும் இருந்தமையால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடிந்தது. புதிய திரவத்தை நிரப்பியோருக்கு முழுக் காப்புடை தேவைப்படவில்லை.

அசென்ட் எனும் அமெரிக்க மாற்றெரிபொருளுடன் 2022 டிசம்பரில் ஏவப்பட்ட நாசாவின் லூனர் ஃபிளாஷ்லைட் சிறு செய்மதி சந்திரச் சுற்றுப்பாதையை எட்டவில்லை. குறை எரிபொருளில் அன்று, அதனைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்களில் இருந்தது. முப்பரிமாண அச்சில் வார்க்கப்பட்ட அவற்றுள் துணுக்குகள் அடைத்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. அச்செய்மதியை இயக்கியவர்கள் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகத்து மாணவர்கள். எரிபொருள் அமுக்கத்தை வரம்புக்கு மேல் உயர்த்தி அடைப்பை அகற்ற எடுத்த முயற்சிகள் ஓரளவே பயனளித்தன. 2023 மேயில் அத்திட்டம் கைவிடப்பட்டது.